கென்னத் ஸ்டாம்ப்: அதே ஆவணங்கள், வேறு கேள்விகள்

கென்னத் எம். ஸ்டாம்ப் (ஜூலை 12, 1912 – ஜூலை 10, 2009) அமெரிக்க வரலாற்றாய்வாளர். தென்மாநிலங்களில் நிலவிய அடிமை முறை, 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர், அதைத் தொடர்ந்த மறுகட்டமைப்புக் காலம் ஆகிய மூன்றையும் ஒரே தொடராகக் கண்டு எழுதியவர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1946 முதல் 1983 வரை கற்பித்தார். 1956-ல் வெளிவந்த ‘தி பெகுலியர் இன்ஸ்டிடியூஷன்’ என்ற நூல் இவருடைய முதன்மைப் படைப்பு.

ஸ்டாம்ப் தனக்கு முந்தைய ஆய்வாளர்கள் பயன்படுத்திய அதே வகை ஆவணங்களையே பெரிதும் பயன்படுத்தினார். அவற்றிடம் அவர்கள் கேட்காத கேள்விகளைக் கேட்டதால் வேறு விடைகளைப் பெற்றார். அவருடைய சாதனை இதில் அடங்கியிருக்கிறது. அவருடைய எல்லையும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

வாழ்வும் கல்வியும்

ஸ்டாம்ப் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் ஜெர்மானிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். பட்டப் படிப்பு, முதுகலை, முனைவர் பட்டம் மூன்றையும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முடித்தார். வில்லியம் ஹெசல்டைன் இவருடைய ஆய்வு வழிகாட்டி. உள்நாட்டுப் போர்க்கால இண்டியானா மாநில அரசியல் பற்றிய இவரது முனைவர் பட்ட ஆய்வு 1949-ல் நூலாக வந்தது.

ஸ்டாம்ப் மாணவராக இருந்த காலத்தில் சார்லஸ் பியர்டு போன்றோரின் பொருளாதார விளக்கம் செல்வாக்குடன் இருந்தது. வடக்கின் தொழில்துறையும் தெற்கின் வேளாண்மையும் மோதியதே உள்நாட்டுப் போர் என்பது அந்த விளக்கத்தின் சாரம். அதில் அடிமைகள் பின்னணியில்தான் இருந்தனர். ஸ்டாம்பின் தொடக்க கால எழுத்திலும் இந்தப் பார்வையின் சாயல் உண்டு.

ஆர்கன்சா, மேரிலாந்து பல்கலைக்கழகங்களில் சில ஆண்டுகள் பணியாற்றினார். மேரிலாந்தில் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டேட்டர் இவருடன் ஆசிரியராக இருந்தார். அந்தத் தொடர்பு ஸ்டாம்பின் பிற்கால ஆய்வைப் புரிந்துகொள்ள உதவுவது.

பிலிப்ஸ் வரைந்த சித்திரம்

ஸ்டாம்ப் எதை எதிர்த்து எழுதினார் என்பதை முதலில் அறிய வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த உல்ரிச் பி. பிலிப்ஸ் 1918-ல் அமெரிக்கக் கறுப்பின அடிமை முறை பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். பிலிப்ஸ் சோம்பேறி ஆய்வாளர் அல்லர். தோட்ட முதலாளிகளின் நாட்குறிப்புகள், கணக்குப் பேரேடுகள், கடிதங்கள் ஆகியவற்றை அவரைப் போல் தேடிச் சேர்த்தவர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு.

ஆனால் அவர் கறுப்பின மக்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்ற எண்ணத்துடன் அந்தக் காகிதங்களைப் படித்தார். தோட்டம் என்பது நாகரிகம் கற்பிக்கும் பள்ளிக்கூடம், முதலாளிகள் பொதுவாகப் பரிவுள்ளவர்கள், அடிமை முறை பண வகையில் லாபம் தராத சுமை என்ற முடிவுகளுக்கு வந்தார். சுமார் 30 ஆண்டுகள் இதுவே பல்கலைக்கழகங்களின் பொதுவான பாடமாக இருந்தது. மோரிசனும் கொமேஜரும் எழுதிய, கல்லூரிகளில் பரவலாகப் பயன்பட்ட ‘தி குரோத் ஆஃப் தி அமெரிக்கன் ரிபப்ளிக்’ என்ற பாடநூலில், அடிமை முறையால் தெற்கில் மற்ற எவரையும்விடக் குறைவாகத் துன்பப்பட்டவர்கள் அடிமைகளே என்று பொருள்படும் பகுதி இருந்தது. கறுப்பின மாணவர்கள் வகுப்பறையில் அமர்ந்து இதைப் படிக்க வேண்டியிருந்தது. வரலாற்று நூல் ஒன்றின் பிழை நூலகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இந்தச் சித்திரத்தைக் கறுப்பின அறிஞர்கள் நெடுங்காலமாக மறுத்து வந்தனர். கார்ட்டர் வுட்சன் 1916-ல் இதற்கெனவே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், ஜான் ஹோப் ஃபிராங்க்ளின் ஆகியோர் நூல்கள் எழுதினர். அந்த ஆய்விதழில்தான் 1944-ல் ஹாஃப்ஸ்டேட்டர் பிலிப்ஸை விமர்சித்துக் கட்டுரை எழுதினார். பிலிப்ஸ் பெரும் தோட்டங்களின் காகிதங்களை மட்டுமே பெரிதும் நம்பினார், அவற்றை வைத்து முழுத் தெற்கையும் பற்றிப் பேசியது தவறு என்பது அவர் வாதம். 1952-ல் ஸ்டாம்பும் பிலிப்ஸின் முறையைக் கேள்விக்கு உட்படுத்தும் கட்டுரை ஒன்றை எழுதினார்.

போர் ஒரு விபத்தா?

அடிமை முறைக்கு வருவதற்கு முன்பே ஸ்டாம்ப் போரின் காரணம் பற்றி எழுதியிருந்தார். 1950-ல் வெளிவந்த ‘அண்ட் தி வார் கேம்’ என்ற நூல், 1860–61 காலத்து நெருக்கடியில் வட மாநிலங்கள் எவ்வாறு நடந்துகொண்டன என்பதை ஆராய்கிறது. நூலின் தலைப்பு லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு உரையிலிருந்து எடுக்கப்பட்டது.

அப்போது ஜேம்ஸ் ராண்டல், ஏவரி கிரேவன் ஆகியோரின் கருத்து ஓங்கியிருந்தது. திறமையற்ற அரசியல்வாதிகளும் இருபுறத்துத் தீவிரர்களும் தடுத்திருக்கக்கூடிய ஒரு போரைத் தேவையின்றி வரவழைத்தனர் என்று அவர்கள் கூறினர். ஸ்டாம்ப் இதை ஏற்கவில்லை. சமரசம் என்று அன்று பேசப்பட்டவை அடிப்படைச் சிக்கலைத் தொடவே இல்லை என்று காட்டினார். வடக்கின் வணிக நலன்களையும் அரசியல் கணக்குகளையும் மறைக்காமல் எழுதினார். வடக்கு முழுவதும் அடிமைகளின் விடுதலைக்காகவே எழுந்தது என்ற புனிதக் கதையை அவர் சொல்லவில்லை.

இந்நூல் ஒரு கேள்வியை எழுப்பி விடுகிறது. சமரசம் செய்ய முடியாத அளவுக்கு ஆழமானது எது? அந்தக் கேள்விக்கான விடையை அடுத்த ஆறு ஆண்டுகளில் ஸ்டாம்ப் எழுதினார்.

1956-ஆம் ஆண்டு நூல்

‘பெகுலியர்’ என்ற சொல்லுக்கு இங்கே ‘விசித்திரமான’ என்று பொருள் கொள்ளக் கூடாது. ‘எங்களுக்கே உரிய’ என்பதே பொருள். தென்மாநிலத்தவர் அடிமை முறை என்று வெளிப்படையாகச் சொல்லக் கூசிய இடங்களில் ‘எங்களுக்கே உரிய அமைப்பு’ என்று சொல்லி வந்தனர். அந்த இடக்கரடக்கலையே ஸ்டாம்ப் நூலின் தலைப்பாக்கினார்.

நூல் தலைவர்களையோ போர்களையோ பற்றியது அல்ல. விடியலில் தொடங்கி இருட்டும் வரை நடந்த வேலை, தண்டனை, சட்டம், அடிமைச் சந்தை, உணவும் நோயும் சாவும், லாப நட்டம் என்று இயல் இயலாக நகர்கிறது. 1860-ல் தெற்கில் சுமார் 40 லட்சம் அடிமைகள் இருந்தனர். வெள்ளையர் குடும்பங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு அடிமைகள் இல்லை. அடிமை வைத்திருந்தவர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேரிடம் ஐந்துக்கும் குறைவானவர்களே இருந்தனர். ஆனால் அடிமைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பெரிய தோட்டங்களில் வாழ்ந்தனர். இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ஸ்டாம்ப் தொடக்கத்திலேயே வலியுறுத்துகிறார். ஹாஃப்ஸ்டேட்டர் சுட்டிய குறையை அவர் இவ்வாறு சரிசெய்தார்.

அவருடைய வாசிப்பு முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். மண்வெட்டியை உடைக்கிறார்கள், நோய் என்று பொய் சொல்கிறார்கள், மெதுவாக வேலை செய்கிறார்கள், ஓடிப்போகிறார்கள் என்ற புகார்கள் முதலாளிகளின் நாட்குறிப்புகளில் நிறைந்திருக்கின்றன. பிலிப்ஸ் இவற்றை இயலாமைக்கும் பொறுப்பின்மைக்கும் சான்றாகக் கொண்டார். லூசியானாவைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் 1851-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். தப்பி ஓடுவதை ஒரு நோய் என்றார், பொருள்களை உடைப்பதையும் அக்கறையின்றி வேலை செய்வதையும் இன்னொரு நோய் என்றார், இரண்டுக்கும் பெயர் சூட்டினார். ஸ்டாம்ப் இதே புகார்களையும் இதே மருத்துவரையும் எடுத்துக்கொண்டு எளிய கேள்வி ஒன்றைக் கேட்கிறார்: கூலியும் இன்றி, போக வழியும் இன்றி வேலை வாங்கப்படும் எந்த மனிதன்தான் இவ்வாறு நடந்துகொள்ள மாட்டான்? அப்போது நோய்ப் பட்டியல் எதிர்ப்பின் பட்டியலாக மாறிவிடுகிறது.

ஒருவரை அடிமையாகவே வைத்திருக்க முதலாளிகள் என்னென்ன செய்தனர் என்பதை விளக்கும் இயல் நூலின் சிறந்த பகுதி. கடுமையான ஒழுங்கு, தன்னைத் தாழ்ந்தவனாக எண்ணச் செய்தல், முதலாளியின் வல்லமை மீது அச்சம், முதலாளியின் நலனே தன் நலன் என நம்பவைத்தல், முழுமையான சார்பு என்று அது படிப்படியாக விரிகிறது. அடிமைத்தனம் பிறவிக் குணம் என்றால் இத்தனை பாடு எதற்கு என்ற கேள்வி வாசகர் மனத்தில் தானாகவே எழும்.

சட்டம் பற்றிய பகுதியும் அத்தகையதே. அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. வெள்ளையருக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்ல முடியாது. பிள்ளை தாயின் நிலையை அடையும். பல மாநிலங்களில் எழுத்தறிவிப்பதே குற்றம். பரிவுள்ள முதலாளிகள் இருந்ததை ஸ்டாம்ப் மறுக்கவில்லை. அந்தப் பரிவு முதலாளியின் கடனுக்கும் சாவுக்கும் கட்டுப்பட்டது என்பதை உயில்களையும் ஏலங்களையும் கொண்டு காட்டினார்.

அடிமை முறை நட்டம் தந்தது என்ற கருத்தையும் அவர் மறுத்தார். 1850-களில் அடிமைகளின் விலை ஏறிக்கொண்டே இருந்தது. நட்டம் தரும் ஒன்றை யாரும் ஏறும் விலைக்கு வாங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். 1958-ல் கான்ராடும் மேயரும் பொருளியல் கணக்கீடுகள் வழியாக இதையொத்த முடிவுக்கு வந்தனர். இதன் விளைவு பெரியது. அடிமை முறை தானாகவே உதிர்ந்துவிடும் நிலையில் இல்லை என்றால், போர் தேவையற்றது என்ற வாதமும் வலுவிழக்கிறது.

முன்னுரையின் ஒரு கருத்து

முன்னுரையில் ஸ்டாம்ப் தன் அடிப்படை எண்ணத்தை வெளிப்படையாகச் சொன்னார். கறுப்பினத்தவர் தோலின் நிறத்தில் மட்டுமே வெள்ளையரிடமிருந்து வேறுபட்டவர்கள், வேறெதிலும் அல்லர் என்பது அதன் பொருள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1956-ல் மாண்ட்கோமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தச் சூழலில் இந்தக் கருத்து துணிவானது. மேலே கண்ட வாசிப்பு முறை முழுவதும் இதன் மீதுதான் நிற்கிறது.

ஆனால் பிந்தைய தலைமுறை இதே கருத்தில் குறை கண்டது. எல்லோரும் சமம் என்று சொல்வதற்கு வெள்ளையரை ஏன் அளவுகோலாக வைக்க வேண்டும்? ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நினைவுகள், இசை, சமயம், கதைகள், உறவு முறைகள் ஆகியவற்றுக்கு இந்தச் சமத்துவத்தில் இடம் எங்கே? அடிமைகளின் பண்பாடு பற்றிய இயலில் ஸ்டாம்ப், அவர்கள் ஆப்பிரிக்கப் பண்பாட்டை இழந்து, அமெரிக்கப் பண்பாட்டையும் முழுமையாகப் பெற முடியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றனர் என்கிறார். நூலின் பலவீனமான இயல் இதுவே.

இதற்கு ஆவணமும் ஒரு காரணம். முதலாளியின் நாட்குறிப்பில் அடிமை உடைத்த மண்வெட்டி பதிவாகும். அன்றிரவு குடிசையில் அவன் பாடிய பாட்டு பதிவாகாது. 1936 முதல் 1938 வரை, முன்னாள் அடிமைகள் 2,000-க்கும் மேற்பட்டோரிடம் அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் நேர்காணல்கள் எடுக்கப்பட்டிருந்தன. அவற்றை ஸ்டாம்ப் விரிவாகப் பயன்படுத்தவில்லை. 1970-களில் ஜான் பிளாசிங்கேம், யூஜின் ஜெனோவீஸ், ஹெர்பர்ட் கட்மன் ஆகியோரும் பெர்க்லியில் ஸ்டாம்புடன் பணியாற்றிய லாரன்ஸ் லெவினும் இத்தகைய சான்றுகளைக் கொண்டு அடிமைகளின் குடும்பம், வழிபாடு, பாடல், நகைச்சுவை ஆகியவற்றை எழுதினர். 1985-ல் டெபோரா கிரே ஒயிட் அடிமைப் பெண்களுக்கெனத் தனி நூல் எழுதினார். ஸ்டாம்பின் நூலில் அடிமை என்றால் பெரும்பாலும் வயலில் நிற்கும் ஆண்தான்.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். உடைந்த மண்வெட்டி எல்லாம் எதிர்ப்பா? களைப்பாகவும் இருக்கலாம், கவனக்குறைவாகவும் இருக்கலாம். உடைத்தவரின் சொல் இல்லாதபோது நோக்கத்தை ஊகிக்கவே முடியும். பிலிப்ஸ் ஒருபுறமாக ஊகித்தார், ஸ்டாம்ப் மறுபுறமாக ஊகித்தார். ஸ்டாம்பின் ஊகம் மனித இயல்புக்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஊகம் என்பதை மாணவர் மறக்கக் கூடாது.

மறுகட்டமைப்புக் காலம்

1965-ல் ‘தி எரா ஆஃப் ரீகன்ஸ்ட்ரக்ஷன்’ வெளிவந்தது. 1865 முதல் 1877 வரையிலான காலத்தை ஊழலும் பழிவாங்கலும் நிறைந்த இருண்ட காலமாக வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் எழுதியிருந்தனர். கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை தந்ததே தவறு என்பது அதன் உட்பொருள். 1915-ல் வந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ திரைப்படம் இந்தக் கதையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. தெற்கில் வாக்குரிமை பறிக்கப்பட்டதற்கு இக்கதை நியாயம் கற்பித்தது.

ஸ்டாம்ப் இதைக் கூறு கூறாக மறுத்தார். ஊழல் இருந்தது, ஆனால் அந்தக் காலத்தில் அது நாடெங்கும் எல்லாக் கட்சியிலும் இருந்தது. தென்மாநில அரசுகள் பொதுப் பள்ளிகளை நிறுவின. எல்லாவற்றுக்கும் மேலாக, 1868-ல் வந்த 14-ஆம் திருத்தமும் 1870-ல் வந்த 15-ஆம் திருத்தமும் அந்தக் காலத்தில்தான் அரசியல் சட்டத்தில் சேர முடிந்தது. 1960-களின் உரிமைப் போராட்டத்துக்கு அவையே சட்டத் துணை. நூல் வெளிவந்த ஆண்டிலேயே வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறியது. விடுதலை பெற்றோருக்கு நிலம் தராததே பெரும் தோல்வி என்பதையும் ஸ்டாம்ப் பதிவு செய்தார்.

இந்நூல் பிறர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதப்பட்டது. இதன் மையக் கருத்துகளில் பலவற்றை டுபாய்ஸ் 1935-லேயே விரிவாக எழுதிவிட்டார். அப்போது பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு வெள்ளைப் பேராசிரியர் சொன்னபோது ஏற்றுக்கொண்டன. இது ஸ்டாம்பின் குற்றமன்று, ஆனால் அவருடைய புகழை அளக்கும்போது சேர்த்து நினைக்க வேண்டியது. மேலும், டுபாய்ஸின் நூலில் கறுப்பின மக்கள் செயல்படுகிறார்கள். ஸ்டாம்பின் நூலில் வாஷிங்டன் அரசியல்வாதிகளே முன்னால் நிற்கிறார்கள். 1988-ல் எரிக் ஃபோனர் எழுதிய பெருநூல் கறுப்பின மக்களை மீண்டும் நடுவே கொண்டுவந்தது.

பிற்கால எழுத்து

1959-ல் ஸ்டான்லி எல்கின்ஸ் அடிமைத் தோட்டத்தை நாஜி வதைமுகாமுடன் ஒப்பிட்டு, அடிமைகள் மனத்தளவில் குழந்தைகளாக்கப்பட்டனர் என்று எழுதினார். ஸ்டாம்ப் 1971-ல் இதற்கு மறுப்பு எழுதினார். பணிவு பல நேரங்களில் நடிப்பாக இருந்திருக்கும் என்றும் ஒரே மனிதன் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு முகம் காட்டியிருப்பான் என்றும் வாதிட்டார். 1974-ல் ஃபோகலும் எங்கர்மனும் கணினிக் கணக்கீடுகளைக் கொண்டு எழுதிய நூலுக்கு எதிராக 1976-ல் வெளிவந்த விமர்சனத் தொகுப்பிலும் பங்கேற்றார். அடிமை முறை லாபகரமானது என்பதில் அவர்களுடன் உடன்பட்டவர், அடிமைகளின் வாழ்வை அவர்கள் மென்மையாக்கிக் காட்டியதை ஏற்கவில்லை.

1980-ல் வந்த ‘தி இம்பெரில்டு யூனியன்’ கட்டுரைத் தொகுப்பில், தென்மாநிலத்தவர் உள்மனத்தில் தங்கள் இலட்சியத்தை முழுமையாக நம்பவில்லை, அதுவும் தோல்விக்கு ஒரு காரணம் என்கிறார். இது அவருடைய எழுத்துகளில் சான்று குறைந்த வாதம். குற்றவுணர்வு பேரேட்டில் பதிவாவதில்லை. அடிமை முறையை லாபத்துக்காகவும் பெருமையுடனும் காத்து நின்றவர்களைப் பற்றி அவரே எழுதிய பக்கங்களோடு இது எளிதில் பொருந்தவும் இல்லை.

எண்பதை நெருங்கும் வயதில், 1990-ல், ‘அமெரிக்கா இன் 1857’ நூலை வெளியிட்டார். டிரெட் ஸ்காட் தீர்ப்பு, நிதி நெருக்கடி, கான்சஸ் மாநில அரசியல் சட்டச் சண்டை ஆகியவை ஒன்றுசேர்ந்த அந்த ஓர் ஆண்டில் நாடு திரும்ப முடியாத எல்லையைக் கடந்தது என்பது அவர் கணிப்பு. போர் விபத்தல்ல என்று 1950-ல் சொன்னதை 40 ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு கோணத்தில் மீண்டும் நிறுவினார். 1993-ல் வாழ்நாள் பணிக்காக லிங்கன் பரிசு பெற்றார். லியான் லிட்வாக், வில்லியம் ஃப்ரீலிங், ஜேம்ஸ் ஓக்ஸ் ஆகியோர் இவரிடம் பயின்று புகழ்பெற்ற வரலாற்றாய்வாளர்கள்.

மதிப்பீடு

பிலிப்ஸும் ஸ்டாம்பும் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர், இருவரும் ஆவணத்தை மதித்தவர்கள். ஆகவே ஆவணம் மட்டும் உண்மையைத் தந்துவிடும் என்பது தவறு. அடிமையை மனிதனாகக் கருதாதவர் கண்ணில் படாத செய்தி, அவனைத் தன்னைப் போன்ற மனிதனாகக் கருதியவர் கண்ணில் பட்டது. அவனைத் தன்னைப் போன்றவன் என்று மட்டுமே கருதியதால், அவனுக்கே உரியவை இவர் கண்ணுக்கும் தப்பின. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்வதே ஸ்டாம்புக்குச் செய்யும் நேர்மையான மதிப்பீடு.

இன்று இத்துறையில் நுழையும் மாணவர் 1956-ஆம் ஆண்டு நூலைப் படித்தபின் பிளாசிங்கேமையும் கட்மனையும் படிப்பது நல்லது. மறுகட்டமைப்புக்கு டுபாய்ஸும் ஃபோனரும் உடன் வேண்டும். ஆனால் பிலிப்ஸின் சித்திரம் எப்படிக் குலைந்தது என்பதை அறிய ஸ்டாம்பைத் தவிர்க்க முடியாது.

1980-களில் தென்மாநிலத் தோட்டங்களின் பேரேடுகளும் நாட்குறிப்புகளும் நுண்படச் சுருள்களாக்கப்பட்டு நூலகங்களுக்கு வழங்கப்பட்டன. அந்தப் பெருந்தொகுப்பின் பொதுப் பதிப்பாசிரியராக ஸ்டாம்ப் இருந்தார். ஒரு காலத்தில் ஊர் ஊராகச் சென்று தேட வேண்டியிருந்த காகிதங்களை, அவரோடு முரண்படப் போகும் ஆய்வாளர்களும் தங்கள் ஊரிலிருந்தே படிக்க முடிந்தது.